எழுமலையில் அக்கா பார்த்த இருபத்திரண்டு விநாடி

அக்கா சென்னைக்கு வேலைக்குப் போய் ஏழு மாதமாகிறது. போன சனிக்கிழமை எழுமலைப் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டில் அவளுக்குத் தேர்வு. புழு தேடிப் பறக்கும் நான்கு ட்ரோன்களைத் தனியாக மேற்பார்வையிட வேண்டும். தேறினால் மதுரையிலேயே வேலை. வீட்டில் சண்டை போட ஆளில்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடந்தது. சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 6.40 பேருந்து. உசிலம்பட்டிக்கு ஒன்றேகால் மணி நேரம், 35 ரூபாய். அங்கே மாறி எழுமலைக்கு 15 ரூபாய். கடைசி மூன்று கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, 20 ரூபாய்.

"அம்புட்டு பெரிய மெஷினு புழுவத் தின்னுமா பாப்பா?" என்றார் ஆட்டோக்காரர்.

"எங்க அக்கா சொன்னா தின்னும்ணே."

உண்மையில் ட்ரோன்கள் தாமாகவே பறக்கும். அக்கா பந்தலில் உட்கார்ந்து திரையில் மேய்ப்பாள். திரைக்குக் கீழே ஒரு கருப்புப் பட்டை அவள் கண் போகும் இடத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு ட்ரோனை ரொம்ப நேரம் பார்க்காமல் விட்டால் 'கீக்' என்று கூப்பிடும். இதெல்லாம் அவளே போனில் சொன்னதுதான்.

தெரிந்தும் சும்மா இருந்தேனா? வரப்பில் நின்று, இரண்டு கதிரைக் கொம்பாகப் பிடித்து, மேலே பறந்த ட்ரோனைப் பார்த்து ஜல்லிக்கட்டுக் காளையாகத் துள்ளினேன். பந்தலில் 'கீக்' கேட்டது. சற்று நேரத்தில் வேறொரு ட்ரோன் பாதியில் திரும்பி வந்து இறங்கியது.

நான் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தேர்வு வைக்க வந்தவர் பதிவை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "நாலாவதுல பேட்டரி இறங்குனத மெஷின் சொல்லித்தான் பாத்து வரவச்சிருக்கீங்க. நீங்களா பாத்திருக்கணும்." அக்காவின் கண் நின்ற இடமெல்லாம் சிவப்பு. இரண்டாவது ட்ரோனின் படத்தில் பெரிய சிவப்புத் திட்டு, அதற்குள் கொம்போடு நான். இருபத்திரண்டு விநாடி.

"யாருங்க இது?"

"என் தங்கச்சி சார்."

"சரி, அடுத்த மாசம் மறுபடி தேர்வு வச்சுப் பாப்போம்."

அவர் நகர்ந்ததும் கேட்டேன். "கிறுக்கு, ஒரு தடவ பாத்துட்டு விட வேண்டியதுதானக்கா?"

"எம்புட்டு வளந்துட்டன்னு பாத்தேன்டி."

மூன்று மணிக்கு அவர்களுடைய வேன் அவளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டது.

போகிறவர்களுக்கு: தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்துப் போங்கள், காட்டில் நிழல் கிடையாது. ட்ரோன் பறக்கும்போது வரப்பில் இறங்காதீர்கள். அடுத்த மாதம் நானும் போவேன். அவள் வீட்டுக்கு வரவேண்டுமே, அதனால் பந்தலுக்குப் பின்னால், எந்தத் திரையிலும் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.