மகளின் வண்டியை நான் பழக்கிய விதம்

என்னைப் பயந்தவன் என்று எங்கள் இனயம் கடற்கரையில் எவனும் சொல்லிவிட முடியாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவன் மீன்பிடி வள்ளத்தில் கூலிக்குப் போனேன். பிறகு சொந்த வள்ளம், அதன் பிறகு ஒன்றுக்கு மூன்றாக விசைப்படகு. கரையில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே, வருகிற சத்தத்தை வைத்து எந்தப் படகு, எவன் ஓட்டுகிறான் என்று சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட நான் போன வருடம் ஒரு முழ நீளமுள்ள மெல்லிய கம்பியைப் பார்த்து நடுங்கினேன். அதுவும் உள்ளதுதான். அதையும் எழுதிவிடுகிறேன்.

என் மகள் குவைத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிறு பிள்ளையிலிருந்தே அவளுக்கு வேகமான கார் என்றால் உயிர். அங்கிருந்தபடியே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். அவள் லீவில் வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே அது எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது. இரண்டே கதவு, இரண்டே பேர் உட்காரலாம். உட்கார வேண்டுமென்றால் குனிந்து, காலை உள்ளே விட்டு, பிறகு விழவேண்டும்.

“அப்பா, புது எஞ்சினாக்கும். நான் வாறதுக்குள்ள ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் பதமா ஓட்டி வைக்கணும்” என்றாள் போனில். “வந்த உடனே அம்மைய ஏத்திட்டு மூணாறு போகணும். எப்பிடி ஓட்டணும்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கேன். முழுசும் கேளுங்க.”

“எனக்கா சொல்லித் தாற? நீ பிறக்கதுக்கு முன்னாலயே எஞ்சின் பழக்கினவன் நான்.”

“அது படகுப்பா. இது வேற. கேளுங்க.”

“கேக்கேன், கேக்கேன்.”

கேட்கவில்லை. நாலு நிமிஷம் என்று காட்டியது. அதைத் தொடவே இல்லை.

புது எஞ்சின் ஏற்றினால் எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சர்ச்சிலிருந்து பங்குச்சாமி வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பார். பிறகு படகை வடம் போட்டுக் கட்டி, கியரில் போட்டு, குறைந்த வேகத்தில் நாள் முழுக்க ஓடவிடுவோம். அப்படி மூன்று நாள். கையை வைத்துச் சூடு பார்ப்பது, காதைக் கொடுத்துச் சத்தம் கேட்பது. அதெல்லாம் சரியாக இருந்தால்தான் பக்கத்துக் கடல், அதன் பிறகுதான் ஆழ்கடல். நான் பழக்கிய எஞ்சின் எதுவும் முதல் வருடத்தில் கெட்டதில்லை. துறைமுகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அதே மாதிரி இதற்கும் செய்தேன். சாமி வந்து மந்திரித்தார். காலையில் ஸ்டார்ட் செய்து, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மதியம் வரை முற்றத்திலேயே ஓடவிட்டேன். சாயங்காலம் மறுபடியும். மகளின் வண்டி ஆயிற்றே என்று மூன்று நாளை ஒரு வாரமாக்கினேன். அதற்குப் பிறகு ரோட்டில் இறக்கி, எஞ்சினுக்கு வலிக்கக் கூடாதென்று முப்பதைத் தாண்டாமல் ஒரே வேகத்தில் கருங்கலுக்கும் கொல்லங்கோட்டுக்கும் உருட்டினேன். மீன்பெட்டி கட்டிய டிவிஎஸ்காரன்கூட ஹாரன் அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனான்.

முற்றத்தில் ஓடவிட்ட வாரமே என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “இஞ்சேருங்க, இது என்ன, பிள்ளைக்குத் தாலாட்டா? காயப்போட்ட துணியெல்லாம் புகை மணக்கு.”

“எஞ்சின் காரியத்துல நீ வாய் குடுக்காதே.”

எண்ணூறு கிலோமீட்டர் ஆனபோது ஒரு காலையில் மூடியைத் தூக்கி, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவினேன். அதன் நுனியில் இரண்டு குழி இருக்கும். மேல் குழி வரைக்கும் எண்ணெய் நனைந்தால் நிறைவு, கீழ்க் குழிக்குக் கீழே போனால் ஆபத்து. வண்டி வந்த அன்று மேல் குழியில் இருந்தது. இப்போது கீழ்க் குழியும் காய்ந்து கிடந்தது.

துடைக்காமல் பார்த்தால் அளவு பொய் சொல்லும் என்று, துடைத்து மறுபடி உள்ளே விட்டு உருவினேன். அதேதான். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்படியென்றால் எண்ணெயை எஞ்சின் குடித்திருக்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சும்மா ஒன்றும் பயப்படவில்லை. வாலிபத்தில் ஒருமுறை நானும் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கரை தெரியாத தூரத்தில் இருக்கும்போது எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. உள்ளே எண்ணெய் வற்றிப்போயிருந்தது. பார்த்திருக்க வேண்டியவன் நான். இரண்டு பகல் நீரோட்டத்தின் இழுப்பிலேயே மிதந்தோம். வேறொரு படகு பார்த்துக் கயிறு போட்டதால் பிழைத்தோம். எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று புத்தகம் படித்தவனைவிட எனக்குத் தெரியும். இந்த வண்டியில் மலை ஏறப்போவது என் மகளும் என் மனைவியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவில் எஞ்சின் பிடித்து நின்றால்?

வலைக்கூடத்தில் படகுக்கு வாங்கி வைத்திருந்த எண்ணெய் இருந்தது. அதை ஊற்றினேன். அவசரத்தில் கொஞ்சம் எஞ்சினின் மேலேயே சிந்தியது. கம்பியில் அளவு ஏறியது, எனக்கும் மூச்சு வந்தது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி இறங்கியிருந்தது.

அதன் பிறகுதான் குளச்சல் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். படகு எஞ்சின் பிரிக்கிறவன், எனக்கு ஒத்த வயது. ஒருவரை ஒருவர் திட்டாமல் நாங்கள் பேசியதே கிடையாது.

“ஏலே, இது காறா, நண்டா? தரையில பம்மிக் கெடக்கு” என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

“வாய மூடிட்டு பாருலே.”

புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தான். கரி, அதுவும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமான கரி. விரலை என் முகத்துக்கு நேரே காட்டினான்.

“எப்பிடிப் பழக்கின?”

“படகைப் பழக்குத மாதிரிதான். முற்றத்துல ஒரு வாரம் ஓடவிட்டேன்.”

விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வர, துண்டால் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். பிறகு வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் சிரித்தது எனக்கு ஒன்றுமில்லை. நிறுத்தியதில்தான் பயந்துவிட்டேன்.

“மக்கா, கட்டிப்போட்ட படகு சும்மா நிக்குன்னா நெனச்ச? அடியில புரொப்பல்லர் தண்ணிய தள்ளிட்டு கெடக்கு. எஞ்சின் பாரம் இழுக்கு. அந்தப் பாரத்துலதான் பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் சுவரோட உரசி ஒட்டிப் பிடிக்கும். இது ஒனக்க முற்றத்துல என்னத்த தள்ளிச்சு?”

இத்தனை வருடம் எஞ்சினைப் பழக்கியது நான் என்று இருந்தேன். பாதி வேலையைத் தண்ணீர் செய்திருக்கிறது.

“பாரம் இல்லாம ஓடினா சுவரு வழுவழுன்னு கண்ணாடி மாதிரி ஆயிரும். பிறகு ரிங்கு பிடிக்காது. எண்ணெய் மேல ஏறி எரியும்.”

“ஆயிட்டுதா?”

“தெறந்து பாத்தாதான் தெரியும்.”

“அப்ப தெற.”

“புது வண்டிய தெறந்தேன்னு ஒனக்க மகள்கிட்ட நீயே சொல்லு. எனக்கு அவளைக் கண்டா பயமாக்கும்” என்று சொல்லிவிட்டு, ஒரு சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மறுநாள் மகள் வருகிறாள். மதியம் சோற்றைத் தள்ளி வைத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, முதல்முறையாக அந்த வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டேன்.

“அப்பா, ஸ்டார்ட் செய்து ஒரே எடத்துல நிறுத்திப் போடாதீங்க. ஒரே வேகத்துல உருட்டிட்டும் போகாதீங்க. ஏத்தம் உள்ள ரோட்டுல கொஞ்சம் இழுக்க விடணும், பிறகு காலை எடுத்து அடங்க விடணும். முதல்ல கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். அடிக்கடி அளவு பாருங்க. ஊத்தணும்னா டிக்கியில இருக்க டப்பாவ ஊத்துங்க. படகு எண்ணெய ஊத்திராதீங்க.”

ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். செய்யாதே என்று அவள் சொன்னதில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. ‘கொஞ்சம் குடிக்கும்’ என்றாளே, அந்தக் கொஞ்சம் எவ்வளவு? நான் பார்த்தது கொஞ்சமா? டப்பா டிக்கியில் புத்தம் புதிதாக இருந்தது.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அந்த வண்டியிலேயே வரவேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தாள். போகிற வழியெல்லாம் ரோட்டைவிட, ஆபத்து என்றால் சிவப்பாக எரிகிற எண்ணெய் விளக்கைத்தான் அதிகம் பார்த்தேன். அவள் ஒரு தோள்பையோடு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்ததும் பச்சைப் பிள்ளை மாதிரி ஓடிவந்து அதன் மூக்கைத் தடவினாள். சாவியை வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்து இருக்கையில் விழுந்தேன்.

பைபாஸில் ஏறியதும் மூன்றாம் கியரில் மிதித்தாள். எஞ்சின் அலறியது. அந்தச் சத்தத்துக்குள் இரும்பும் இரும்பும் காய்ந்து உரசுவது எனக்கு மட்டும் கேட்பதுபோல் இருந்தது. கதவுப்பிடியை இறுகப் பிடித்தேன்.

“என்னா இழுப்பு அப்பா! நாளைக்கழிச்சு அம்மையோட மூணாறு கேறிருவோம்.”

“மக்கா, நிறுத்து.”

“என்னப்பா? நெஞ்சு வலிக்கா?”

“நிறுத்துட்டி!”

ஓரமாக நிறுத்தினாள். லாரிகள் எங்களைக் குலுக்கிக்கொண்டு போயின. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், முற்றத்தில் ஓடவிட்டது முதல் படகு எண்ணெய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆயுளில் இத்தனை நேரம் என் தப்பை நானே பேசியது அன்றுதான்.

அவள் எஞ்சினை அணைத்தாள்.

“நீங்க மெசேஜ் கேக்கலைன்னு எனக்குத் தெரியும்ப்பா. கேட்டா எனக்க போன்ல மைக் அடையாளம் நீலமாகும். நேத்து மத்தியானமாக்கும் நீலமாச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துது. இவரு காரணமில்லாம கேக்க மாட்டாரேன்னு. வண்டி இழுத்தத பாத்து ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன்.”

“திட்டுட்டி.”

“திட்டுனா ரிங்கு பிடிக்குமா?” என்றாள். சிரிக்கவில்லை. நோயாளியிடம் கேட்பதுபோல் கேள்வி கேட்டாள். எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு இறங்கியது, எத்தனை நாள் இடைவெளி, புகை நீலமா வெள்ளையா. பிறகு வண்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒர்க்‌ஷாப் திருவனந்தபுரத்திலேயே இருந்தது. நேரே அங்கே போனோம்.

அங்கே இருந்தவர், இந்த மாதிரி எஞ்சின் முதலில் எண்ணெய் குடிக்கத்தான் செய்யும், அதற்கு ஓர் அளவு புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்றார். ஆனால் நாங்கள் சொன்ன கணக்கு அந்த அளவைத் தாண்டுகிறது என்றும் சொன்னார். படகு எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, அதற்குரியதை மேல் குழி வரை ஊற்றினார்கள். “ஐந்நூறு கிலோமீட்டர் ஏற்றத்தில் நன்றாக இழுக்கவிட்டு ஓட்டுங்கள். அதன் பிறகும் இப்படியே இறங்கினால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும்” என்றார்.

மூணாறு தள்ளிப்போனது. ஐந்து நாள் குலசேகரம், பேச்சிப்பாறை, திருப்பதிசாரம், ஆரல்வாய்மொழி என்று சுற்றினோம். ஓட்டியது அவள், பக்கத்தில் நான். ஏற்றத்தில் மிதிப்பாள், எஞ்சின் வேகம் காட்டும் முள் மேலே ஏறும், காலை எடுப்பாள், முள் இறங்கும். ஒவ்வொரு மிதிக்கும் என் கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடும். மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

“அப்பா, நீங்க ஆழ்கடல்ல கெடந்தவருதானே?”

“அங்க ஸ்டியரிங் எனக்க கையில இருந்துதுட்டி.”

ஐந்தாம் நாள் ஐந்நூறு முடிந்தபோது பேச்சிப்பாறையில், மட்டமான இடமாகப் பார்த்து நிறுத்தி, எண்ணெய் கீழே இறங்கப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். கம்பியை அவள்தான் உருவினாள். நான் அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா, பாருங்க.”

“நீயே சொல்லு.”

“மேல் குழிக்கு ஒரு நெல் கீழ.”

கையிலிருந்து பிடுங்கினேன். துடைத்து விட்டுப் பார்த்தேன். மறுபடி துடைத்து விட்டுப் பார்த்தேன். மூன்றாம் முறை துடைக்கப் போகும்போது அவள் துணியைப் பிடுங்கிக்கொண்டாள். ஒர்க்‌ஷாப்காரர் போனில், இது புத்தக அளவுக்குள்தான், இன்னும் குறையும், தைரியமாகப் போங்கள் என்றார். தைரியம் அவருக்கு. வண்டியில் இருக்கை இரண்டுதான். போகிறவர்கள் அவர்கள் இருவர், நான் வீட்டில்.

புறப்படுகிற அன்று, நிறுத்துகிற இடத்திலெல்லாம் கம்பியைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். மனைவி உள்ளே விழுந்து உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். “கம்பிய நாங்க பாக்கோம். நீங்க போய்ச் சோறு தின்னுங்க” என்றாள்.

கொட்டாரக்கரையிலிருந்து ஒரு படம் வந்தது. கோட்டயத்திலிருந்து ஒன்று. இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன், எண்ணெய் மேல் குழியை ஒட்டியே இருந்தது. அதன் பிறகு மலை. நாலரை மணி நேரம் போன் கத்தவில்லை. முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். கூப்பிட்டால் எடுக்கவில்லை.

கடைசியில் மூணாறிலிருந்து படம் வந்தது. எண்ணெய் அதே இடத்தில் நின்றது. கம்பியைப் பிடித்திருந்தது மகளின் கை இல்லை, என் மனைவியின் வளையல் போட்ட கை. கம்பியை முதலில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டாளா என்று கேட்க, உடனே கூப்பிட்டேன்.