இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள்

சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதிப் பரீட்சைக்கு முன்பாகவே அக்காவைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். பேச்சு முடிந்தால் பள்ளிக்கூடம் அன்றோடு சரி என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். அக்கா வழக்கம்போல என்னை எதிரே உட்கார வைத்துப் பாடத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் புரிந்தால் தனக்கு மறக்காது என்பாள்.

இரண்டு ஆங்கில நாவல்களின் கதாநாயகிகளை ஒப்பிட வேண்டும். ஒருத்தி அப்பா காட்டிய பணக்காரனைக் கட்டிக்கொண்டு பெரிய வீட்டில் வாடிப்போனாள். மற்றவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தாள்.

தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் மாடி அறை வந்தவர்களுக்கே போதவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையில் இருந்த அவருடைய சித்தப்பா ஆங்கிலத்தில் அக்காவைச் சோதித்தார். என்ன படிக்கிறாய் என்று ஆரம்பித்து, அந்தக் கதாநாயகிகளில் யார் உசத்தி என்பதில் வந்து நின்றார். கேட்டதற்குத் தலையாட்டினால் போதும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அக்கா பதில் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். சித்தப்பாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அப்பா இரண்டு தடவை கனைத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் குனிந்தார். "தம்பி, அக்கா என்னப்பா சொல்லுது?"

எனக்குப் பெரியவர்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லை. ஆனால் கதை தெரியும். சொன்னேன்.

"யார் வீட்டுப் பொண்ணுங்க? சிராங்கூன் ரோட்டுலயா?"

"இல்லீங்க, வெள்ளக்காரப் பொண்ணுங்க. புஸ்தகத்துல."

"சரி, அந்த மொதப் பொண்ணு ஏன் சம்மதிச்சுச்சாம்?"

"பயந்தாங்கொள்ளின்னு டீச்சர் சொல்றாங்க. அக்கா இல்லங்குது. அந்தப் பொண்ண யாருமே சம்மதமான்னு கேக்கலையாம். கேட்டிருந்தா சொல்லியிருக்குமாம்."

"சின்னப் பய, உளறுறான்," என்றார் அப்பா. என்னை முறைத்தார்.

அந்த அம்மாள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னக் கேட்டாங்களாம்மா?"

ஆங்கிலத்தில் அவ்வளவு பேசியவள் இப்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "எங்களுக்கு இந்த எடம் தோதுப்படாதுங்க. பொண்ணு ரொம்பப் படிச்சிருக்கு லா," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். மகனும் சித்தப்பாவும் பின்னாலேயே இறங்கிப் போனார்கள்.

அம்மா அழுதாள். அதிகம் படித்த பெண் என்ற பேச்சு தெருவில் பரவி, பரீட்சை முடியும்வரை வேறு யாரும் பெண் கேட்டு வரவில்லை. அக்கா எழுதி முடித்தாள்.

பிறகொரு நாள் மார்க்கெட்டில் அந்த அம்மாளைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா ஓடிப்போய் அவருடைய காய்கறிக் கூடையை வாங்கி, பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு நடந்தாள். எங்கள் வீட்டை அவமானப்படுத்தியவருக்கு எதற்கு இந்த உபசாரம் என்று, நான் பின்னால் கோபமாக நடந்தேன்.