அங்கயே இருங்க

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. பன்னிரண்டு வருடமாக ஆம்புலன்ஸ் அவசர அழைப்பு மையத்தில் வேலை. ஒரு நாளைக்கு நூறு பேர் அழுவதைக் காதில் வாங்கி, நேரம் குறித்து, இடம் குறித்து, வண்டி அனுப்புகிறவள். அதனால் இதையும் நேரம் குறித்தே சொல்கிறேன்.

போன வருடம் நானும் தம்பியும் ஒரு கடலோரத் தேசியப் பூங்காவுக்குப் போனோம். ஒரு பக்கம் அடர்ந்த காடு, ஒரு பக்கம் கடல், நடுவில் ஆள் அரவமில்லாத மணல். கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்க அனுமதி வாங்கியிருந்தோம். தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லீவு விட்டால் கால் ஒரு இடத்தில் நிற்காது. "நாள் பூரா ஊரார் அழுகையக் கேக்கற. ரெண்டு நாள் அலைச் சத்தம் கேளுக்கா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

வாசல் அலுவலகத்தில் வனக்காவலர் ஆளுக்கொரு வாக்கிடாக்கி கொடுத்தார். "உள்ள போன் எடுக்காது. இதுவும் உங்க ரெண்டு பேருக்குள்ளதான் எட்டும், ஆபீஸ் வரைக்கும் வராது. பாறை முனையில மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும். அஞ்சு மணிக்கு மேல அங்க நிக்காதீங்க, கடல் ஏறிடும்." பிறகு வாக்கிடாக்கியின் பட்டனைக் காட்டினார். "ஒருத்தர் இத அழுத்திப் பேசறப்ப இன்னொருத்தர் பேசினா போய்ச் சேராது. அவர் விட்டப்புறம்தான் நீங்க பேசணும்."

"அப்ப எங்கக்கா கையில இதக் குடுத்தா, நான் வாயே திறக்க முடியாது சார்" என்றான் தம்பி. காவலர் சிரித்துவிட்டார்.

முதல் நாளே ஒரு வேர் தடுக்கி என் கணுக்கால் பிசகிவிட்டது. மேட்டில் கூடாரத்துக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மாலை 4.20க்குத் தம்பி கிளம்பினான். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். பாறை முனைக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்றான்.

"அஞ்சு மணிக்கு இங்க இருக்கணும்டா."

"கணக்கு வாத்தியார்கிட்டயே கணக்கா?" என்று நக்கலடித்துவிட்டு இறங்கிப் போனான்.

4.51. பனிமூட்டம் இறங்கியது. இரண்டே நிமிடத்தில் எதிரில் இருந்த மரத்தைக் காணவில்லை.

5.06. வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா, பேசிட்டேன். நல்லா இருக்கா. ஆனா இங்க ஒண்ணும் தெரியல. வந்த வழி எந்தப் பக்கம்னே புரியல."

முனைக்குப் பின்னாலேயே மேட்டுக்கு ஏறும் மரப்படி இருக்கிறது. பாறையைக் கையால் தடவிக்கொண்டே போனால் படி வந்துவிடும். அதைச் சொல்லத்தான் பட்டனில் விரலை வைத்தேன்.

அதற்குள் ஒரு குரல் வந்தது.

"பதறாதீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க. இருக்கற இடத்துலயே இருங்க. நகராதீங்க."

என் குரல்.

நான் வேலையில் பேசுகிற குரல். அதே நிதானம். வழி தவறியவர்கள் யார் கூப்பிட்டாலும் நாங்கள் முதலில் சொல்வது இதுதான். ஊருக்குள் அது சரியான யோசனை. கடல் ஏறுகிற பாறையில் அதைக் கேட்டு நின்றால் ஆள் தேற மாட்டான்.

தம்பி சிரித்தான். "என்னக்கா, மரியாதை எல்லாம் பலமா இருக்கு?"

பிறந்ததிலிருந்து அவனை நான் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன்.

பட்டனை அழுத்தினேன். "டேய், அது நான் இல்லடா! மேல ஏறு! மேல ஏறு!"

விட்டதும் கேட்டது.

"...லைன்லயே இருக்கேன். அங்கயே இருங்க."

எனக்கு முன்பே அது பேச ஆரம்பித்திருந்தது. நான் கத்தியது அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

5.14. எழுந்து ஓடப் பார்த்தேன். காலை ஊன்றவே முடியவில்லை. தவழ்ந்து போனேன். பனியில் திசை தெரியாமல் சுற்றி, மறுபடி என் கூடாரக் கயிற்றிலேயே வந்து முட்டினேன்.

5.19. "அக்கா, முழங்கால் வரைக்கும் தண்ணி. கிளம்பட்டுமா?"

"நகராதீங்க. உதவி வந்துட்டு இருக்கு."

"சரிக்கா."

சின்ன வயதிலிருந்தே நான் எது சொன்னாலும் கேட்கிறவன் அவன்.

அழுத்தினேன். "மேல ஏறு!" விட்டேன்.

அந்தக் குரல்.

அழுத்தினேன். "மேல ஏறு!" விட்டேன்.

அந்தக் குரல்...

5.26. "அக்கா... இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு..."

"அங்கயே இருங்க."

5.28. "அக்கா... என் பக்கத்துல யாரோ நிக்கறாங்க. அவங்களும் நகரல..."

5.29. பெரிய அலைச் சத்தம்.

பிறகு கரகரப்பு.

பிறகு அதுவும் இல்லை.

6.20க்குத் தம்பி வந்தான். நெற்றியில் ரத்தம், உடம்பெல்லாம் நடுக்கம். அலை அடித்ததில் வாக்கிடாக்கி கையை விட்டுப் போயிருக்கிறது. குரல் நின்ற பிறகுதான் ஏற வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியதாம். நான் அவனைக் காப்பாற்றவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு அழத்தான் முடிந்தது. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

காலையில் வனக்காவலர் எங்களைத் தேடி வந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"பதினாலு மாசத்துக்கு முன்னாடி அதே பாறையில ஒரு பொண்ணு போயிடுச்சு. தனியா வந்திருந்தது. ஆம்புலன்ஸ் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கு. அங்கயே இருன்னு சொல்லியிருக்காங்க. அங்கயேதான் இருந்திருக்கு."

தேதியைக் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வேலையில் முடிவு தெரியாது. ஒரு அழைப்பு முடிந்ததும் அடுத்த அழைப்பு வந்துவிடும். ஊர் திரும்பியதும் அந்தத் தேதியின் ஒலிப்பதிவுகளைத் தேடினேன். மாலை 5.06க்கு ஒரு அழைப்பு இருந்தது. அதை எடுத்த ஊழியர் எண் என்னுடையது. எனக்கு அப்படி ஒரு அழைப்பு ஞாபகமே இல்லை.

கேட்டேன். பதறாதீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க... எல்லாம் அதே வார்த்தைகள், அதே வரிசை.

பதினாலாவது நிமிடத்தில் அந்தப் பெண் கேட்கிறாள். "மேடம், உங்க பின்னால யாரோ அழுதுட்டே கத்தறாங்களே... மேல ஏறு, மேல ஏறுன்னு. நான் ஏறட்டுமா?"

ஒலியைக் கூட்டி வைத்தேன். கரகரப்புக்கு நடுவே தெளிவாகக் கேட்கிறது. அந்தக் குரலும் என்னுடையதுதான்.

"இங்க யாரும் கத்தலம்மா. நீங்க அங்கயே இருங்க" என்கிறேன் நான்.

"சரி மேடம்" என்கிறாள் அவள்.