அந்தரச் சிறையை இறக்கிய வீராயி அக்கா

சின்னமனூரில் என் தையல் கடைக்குச் சட்டைத் துணியோடு வந்தவர், அளவுக்குக் கையை விரித்தபடியே சொன்னார்: "மார்க்கையங்கோட்டை வீராயி அக்கா நேத்துப் போய்ச் சேந்துட்டாக. தண்ணி பாச்சிட்டு வந்து வரப்புல ஒக்காந்தாகளாம், அம்புட்டுத்தான்." அதன்பின் அவருக்கு எப்படி அளவெடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தச் சட்டை தோளில் பிடிக்கத்தான் போகிறது.

அக்காவை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. புருஷன் படுக்கையில் விழுந்ததும் கமலையில் மாட்டைப் பூட்டித் தாமே கிணறு இறைக்க இறங்கினவர் அவர். பெண்பிள்ளை கமலை ஓட்டலாமா என்று நாலு பெரியவர்கள் வரப்பில் வந்து நின்றார்கள். அக்கா மாட்டை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "மாடே கேக்கல. நீங்க ஏன் கேக்குறீக?" பெரியவர்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்திய காலம். வெள்ளைக்காரனை எதிர்த்து மறியல் செய்தவர்களால் ஜெயில்கள் நிரம்பி வழிகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. எட்டாம் வகுப்பை இரண்டு முறை எழுதிப் பார்த்து விட்டுவிட்டவன் நான்; அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு நாடகம் எழுதினேன். பெயர் 'அந்தரச் சிறை'. இன்னும் முந்நூறு வருஷத்தில் பூமியில் இடமில்லாமல் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு ஜெயில் கட்டுகிறார்கள். அதில் அடைபட்ட பெண்ணை மீட்க ஒரு படை போகிறது. படைத்தலைவன் யார் என்று கேட்க வேண்டாம். எழுதினவன்தான்.

தகரம் போர்த்திய மூங்கில் கூடுதான் சிறை. உள்ளே என் எட்டு வயது மகள் தங்கம். அக்காவின் கிணற்றடி இலவ மரத்தில் உருளை கட்டி, கமலை வடத்தால் கூட்டை ஏற்றுவது என்று ஏற்பாடு. மாடுகள் சரிவில் இறங்கினால் கூடு ஏறும், பின்வாங்கினால் இறங்கும். மாட்டையும் அக்காவையும் வேட்டித் திரைக்குப் பின்னால் மறைத்து, பாடக்கூடாது என்று அக்காவுக்கு உத்தரவும் போட்டேன்.

"தம்பி, மேல ஏத்த மாட்டுக்குப் பலம் போதும். கீழ எறக்கப் பாட்டு வேணும்," என்றார்.

ஆகாயத்தில் கமலைப் பாட்டு கேட்டால் சனம் சிரிக்கும் என்றேன்.

"இப்ப மட்டும் அழுகவா போகுது?"

நிஜ ஆகாயம் தெரியவேண்டும் என்று பிற்பகலிலேயே நாடகத்தைத் தொடங்கினோம். கூடு எழும்பியதும் சனம் ஆரவாரித்தது. கூடு பாதி உயரம் போனதும் நிற்கவேண்டிய மாடுகள் மிரண்டு சரிவின் கடைசிவரை இறங்கிவிட்டன. கூடு கிளையில் இடித்தது. அடிமூங்கில் முறிந்து என் மகளின் ஒரு கால் வெளியே தொங்கியது. சத்தம் கூடக்கூட மாடுகள் இன்னும் இழுத்தன, வடம் முறுகியது. படைத்தலைவன் ஏறி மீட்க வைத்திருந்த ஏணி அந்த உயரத்துக்கு எட்டவில்லை. நான் மாட்டை அவிழ்த்துவிட ஓடினேன். அவிழ்த்திருந்தால் கூடு தரைக்குத்தான் வந்திருக்கும், ஒரேயடியாக.

அக்கா என் தகரத் தொப்பியில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "ஏலே, அவுத்தா பிள்ள அந்தரத்துல நிக்குமா? தள்ளு அங்கன."

திரையை உருவி எறிந்துவிட்டுச் சனத்தின் முன்னால் வந்து கையைக் காட்டினார். கூட்டம் அடங்கியது. பிறகு, தினமும் காலையில் பாடுகிற அதே பாட்டை, அதே நிதானத்தில் தொடங்கினார். மாடுகளின் காது அசைந்தது. ஓர் அடி பின்னால் வைத்தன. ஒரு வரியைக்கூட விழுங்காமல், அவசரப்படாமல் முழுப்பாட்டையும் அவர் பாடி முடித்தபோது, என் மகள் தரையில் இருந்தாள்.

அந்தக் கழுதை அப்போதும் பாடத்தை மறக்கவில்லை. "என்னை மீட்க வந்த வீரர் யார்?" என்று கணீரென்று கேட்டாள். பதில் என்னுடையது. நான் தகரத் தொப்பியைக் கழற்றினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாண்டிப் போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

சனம் எல்லாம் நாடகம் என்றே நினைத்தது. ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் என் முதுகில் தட்டி, "ஆகாயத்துலயும் கமலைப் பாட்டு வச்சீகளே, அது புத்தி," என்றார். வெட்கமில்லாமல் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த நாலு ஊரில் ஆடியபோதும் அக்கா வந்து பாடினார், பெயர் எனக்கு. உண்மையைச் சொல்லிவிடவா என்று ஒருமுறை கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும் தம்பி. ஒனக்கும் ஒண்ணு வேணும்ல," என்று சிரித்தார்.

தங்கத்துக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வீராயி அத்தை இறக்கிவிட்டதால்தான் தரையில் நடக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லி வளர்க்கிறாள். அப்படிப்பட்ட ஒரு மனுஷியின் கிணற்றடியில் நின்றேன் என்பதில் எனக்குள்ள பெருமை நாடகம் எழுதியதில் கிடையாது.

நாடக நோட்டு என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், 'தலைவனின் வீரத்தால் சிறை தானே இறங்குகிறது' என்று என் கையெழுத்து. நேற்று அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'வீராயி பாடுகிறார். சிறை இறங்குகிறது.'