கைமணியும் கயிறும்

எழுபதுகளின் நடுவில் நான்கு ஆண்டுகள், தூத்துக்குடியில் கன்னியர் நடத்திய முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருந்தேன். அந்த வருஷங்களின் டைரிகள் நான்கும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆண்கள் கூடத்தில் பதினொரு கட்டில், பெண்கள் கூடத்தில் பதினான்கு. இரண்டுக்கும் நடுவில் என் மேஜை. எழுந்து நின்றால் ஜன்னல் வழியாகக் கடலும், நங்கூரமிட்ட தோணிகளும் தெரியும்.

கிழக்கே கடலிலிருந்து ஈரக் கொண்டல் காற்று அடிக்கும் நாட்களில் சிவப்புச் சிமெண்டுத் தரை வியர்த்துவிடும். சாக்கை விரித்து ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகுதான் யாரையும் கீழே இறங்க விடுவோம். படுக்கையோடு கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவோம். என் காலத்தில் அங்கே ஒருவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. பினாயிலும், குசினியில் கொதிக்கும் கஞ்சியும், உப்புக் காற்றும் கலந்த அந்த வாசனையை இன்றைக்கும் நினைத்த மாத்திரத்தில் மூக்கில் வரவழைக்க முடிகிறது.

எங்களால் தடுக்க முடியாமல் இருந்தது, விழுவதுதான். யார் விழுந்தாலும் நேரம், இடம், எதற்காக இறங்கினார் என்று குறித்துவைப்பேன். ஒருநாள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது அநேகமாக எல்லாமே மாலை ஆறிலிருந்து ஆறரைக்குள், கக்கூஸுக்குப் போகும் வழியில் நடந்திருந்தன. அது ஜெபமாலை நேரம். சிஸ்டர்களும் ஆயாக்களும் கோயிலுக்குள் இருப்பார்கள். நான் நாசரேத்துப் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவள், ஜெபமாலை எனக்கில்லை. அதனால் அந்த அரைமணி நேரம் இரண்டு கூடமும் என் ஒருத்தி பொறுப்பு.

இரண்டு தடவைக்கு மேல் விழுந்தவர்களை அந்த நேரத்தில் பழைய சேலைப் பட்டையால் கட்டிலோடு கட்டிவைப்பது இல்லத்துத் தலைவியான மதரின் வழக்கம். மதர் ஈவிரக்கம் இல்லாதவரல்ல. இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எழுந்ததேயில்லை என்பதைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவர். அப்போது இரண்டு தடவை விழுந்திருந்தவர், ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஒரு தாத்தா. முத்துக்குளித்தவர். பிறகு சங்கு குளித்து, மூட்டு விட்டுப்போய் எங்களிடம் வந்தவர்.

நான் ஒரு யோசனை சொன்னேன். கட்டிலுக்கு ஒரு கைமணி. இறங்க வேண்டுமானால் அடிக்கட்டும், நான் ஓடிவருகிறேன். மதர் சம்மதித்தார். ஏரலில் பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் பித்தளை மணிகளாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் அடித்துப் பார்த்து வாங்கி வந்தேன். தலைமாட்டில் வரிசையாக வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் ஒரு மணியும் அடிக்கவில்லை. சிலவற்றைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். எட்டாம் நாள் பெண்கள் கூடத்தில் ஓர் அம்மாள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மதர் அன்றே சொல்லிவிட்டார்: "மூணாவது தடவை விழட்டும்னு காத்திருக்க மாட்டேன். சனிக்கிழமையிலிருந்து அந்தத் தாத்தாவையும் கட்டிரு."

குசினியில் போய் ஆற்றாமையோடு புலம்பினேன். கடற்கரைத் தெருக்காரியான ஆயா ஒருத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸக்கா, தெரியாமலா வாங்கிட்டு வந்திய?"

"என்னது தெரியாம?"

"சாவக் கெடக்கவங்களுக்குச் சாமியார் கடைசி நன்மை அப்பத்தக் கொண்டு வாரப்போ, கோயில்பிள்ளை முன்னால கைமணி அடிச்சிட்டுல்லா வருவான். கேட்டவங்க தெருவுலயே முழங்கால் போடுவாங்க. அந்த மணிய இந்தக் கெழடுக தன் கையாலயே அடிக்குமா? அடிச்சா சாமியார்தான் வருவாரு, நீங்களா வருவிய?"

மற்ற ஆயாக்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பேர் தலைமாட்டிலும் நான் சாவை வைத்திருந்தேன். மணிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். தாத்தாவின் கட்டிலுக்கு வந்தபோது அவரே எடுத்து நீட்டினார்.

"இத முன்னாடியே சொல்லப்படாதா தாத்தா?"

"ஆசையா வாங்கிட்டு வந்திருக்க. எப்பிடிச் சொல்ல?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். "தண்ணிக்குள்ள மூச்சு முட்டினா மேல இருக்கவங்களுக்கு எப்படிச் சொல்லுவிய?"

"வாயத் தொறந்து கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு, பல்லில்லாமல் சிரித்தார். "கேள்வியப் பாரு! கயித்த ஒரு சுண்டு சுண்டுவேன். மச்சான் தூக்கிருவான்."

"மச்சான்தான் பிடிக்கணுமா?"

"வேற எவன நம்ப? மச்சான் கயித்த விட்டா, தாலியறுக்கது அவன் அக்காள்லா." பிறகு குரல் தாழ்ந்தது. "சனிக்கிழமை என்னையக் கட்டப்போறாகளாமே. கயிறு எனக்குப் புதுசில்ல. மறுமுனைய கட்டில் கால்லயா முடிவாக? கட்டில் காலு தூக்குமா என்னைய?"

அன்றே மதரிடம் போனேன். தாத்தாவின் கட்டிலிலிருந்து ஜன்னல் கம்பிகள் வழியாக என் மேஜைவரை ஒரு கயிறு, முனையில் சிப்பி ஓடு போட்ட ஒரு பால் டப்பா. அவ்வளவுதான் என் திட்டம். மதர் கூடத்துக்கு வந்து கட்டிலிலிருந்து மேஜைவரை நடந்து பார்த்தார்.

"ஒரு வாரம் பாரு. விழுந்தா, நீதான் உன் கையால கட்டணும்."

கயிறு கட்டும்போது தாத்தா முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்து, தானே திரும்பப் போட்டார். என் முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. "நீ எனக்கு மச்சானா இருக்கியா?" என்றார்.

மூன்று மாலைகள் டப்பா அசையவில்லை. நான்காம் மாலை, இடுப்பு முறிந்த அம்மாளை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தேன். டப்பா சடசடவென்று குலுங்கியது. ஒற்றைச் சுண்டு. கையிலிருந்தவரை விட்டுவிட்டு ஓட முடியாது. புதிய விரிப்பைச் செருகி, அவரை மெல்ல மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்தேன். அன்று கொண்டல் காற்று வேறு. தரை பளபளவென்று இருந்தது. இதற்குள் இறங்கியிருப்பார், விழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். என் கையால் கட்டும் அந்தப் பட்டையைக்கூட மனதில் பார்த்துவிட்டேன்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பாதங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கின. கயிறு மணிக்கட்டில் ஒருசுற்று சுற்றியிருந்தது.

"அறுவது எண்ணிட்டேன்" என்றார் கோபமாக. "எம் மச்சானா இருந்தா இருவதுலயே தூக்கிருப்பான்."

"இறங்காமலா இருந்திய?"

"ஏளா, கயித்தச் சுண்டிட்டு எவனாவது எடத்த விட்டு நகருவானா? மேல இருக்கவன் பெறகு எங்கன போயித் தேடுவான்?"

தோளில் கைபோட்டுக்கொண்டு, அடிமேல் அடிவைத்து, போய்வந்தோம். கோயில் விட்டு வந்த மதர் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் என் மேஜைமேல் இன்னும் பத்துக் கட்டிலுக்கு ஆகும் அளவு கயிறு சுருளாக இருந்தது.

தாத்தாவைக் கட்டவேயில்லை. அதற்குப் பிறகு அவர் என்னை நர்ஸம்மா என்று கூப்பிட்டதும் இல்லை. மச்சான்தான், மதர் பக்கத்தில் நின்றாலும்.