விருந்துக்குக் கிழங்கு கேட்டவர்

மன்றத்தாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடந்த திங்கட்கிழமை காலை, ஈப்போ ஜெலாப்பாங்கில் எங்கள் வரிசைக் கடைசி வீட்டு வேலியோரம் படர்ந்திருந்த சர்க்கரைவள்ளிக் கொடியை ஓர் ஆடு தின்றுவிட்டது. ஆடு நலம். கொடி காலி.

கொடியின் சொந்தக்காரர் புவனேஸ்வரி அக்காவிடம் இதை முதலில் சொல்லும் பெருமை எனக்கே வேண்டும் என்று ஓடினேன். வாசல் நிறையச் செருப்புகள். அவருடன் மருத்துவமனையில் வேலை செய்யும் தாதி என்னை நிறுத்தி, "அக்கா போயிட்டாங்க தம்பி. தூக்கத்துலேயே" என்றார். ஆட்டுச் செய்தி என் வாயிலேயே நின்றுவிட்டது.

ஈப்போ மருத்துவமனையில் நோயாளிகளுக்கு என்ன சமைப்பது என்று திட்டம் போடுவது அக்காவின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மன்றத்து வேனில் ஏறி, ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சத்துணவு பற்றிப் பேசுவார். ஒலிபெருக்கி அடியேன் பொறுப்பு. 'கிழங்கரசி' என்று பட்டம் சூட்டியதும் அடியேன்தான்.

"நான் அரசியெண்டா நீ வரி கட்ட வேணும். இந்தா, ஒரு கரட்டைத் தின்னு" என்று தம் யாழ்ப்பாணத் தமிழில் சொல்லி, அந்தக் கேரட்டை நான் கடித்து விழுங்கும்வரை விடமாட்டார்.

நம் மண்டபத்தில் அவர் பேசியது பலருக்கு நினைவிருக்கும். ஓர் உருளைக்கிழங்கை வெட்டி, ஒரு பாதியில் எலுமிச்சைச் சாறு தடவினார். மறுபாதியை அப்படியே வைத்தார். பேச்சு முடிவதற்குள் தடவாத பாதி கறுத்தது. "காத்துப் பட்டு நடக்கிற வேலை இது. உடம்புக்குள்ளயும் இதுமாதிரி ஒரு தேய்மானம் இருக்கு. கரட், பீட்ரூட், ஊதாச் சர்க்கரைவள்ளி, இதுகளின்ர நிறத்தில அதைத் தடுக்கிற சத்து இருக்கு. தோலை ஒட்டி இன்னும் கூட இருக்கு. தோலோட அவியுங்கோ."

"அக்கா, நான் கறுத்ததும் காத்துப் பட்டுத்தானா?" என்றேன்.

"நீ வாயைத் திறந்தே வைச்சிருக்கிறாய். அதுதான்."

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டம் ஒன்றில் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மாணிக்கம் என்ற பெரியவரின் பேத்தி செல்விக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் வீட்டுப் படி தெரியாமல் விழுவாள். கிளினிக்கில் மருந்து கொடுத்திருந்தார்கள். அது தீர்ந்த பிறகும் கண் தெளிவாக இருக்க வேண்டுமானால் ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளியைத் தேங்காயோடு அடிக்கடி கொடுங்கள் என்று அக்கா ஒரு பை நிறையக் கொண்டுபோனார். பெரியவர் பையைத் தொடவில்லை.

"சப்பான்காரன் காலத்துல மரவள்ளிக் கெழங்கத் தின்னுதாம்மா கெடந்தோம். என் தம்பி அதத் தின்னே செத்தான். நாப்பது வருசமா இந்த வீட்டுக்குள்ள கெழங்கு வந்ததில்ல. என் பேத்திக்கு இதுவா? நாங்க என்ன அவ்ளோ கீழ போயிட்டோமா லா?"

அக்கா பையை ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "உங்கட தம்பி கிழங்கால சாகேல்ல ஐயா. கிழங்கைத் தவிர வேறொண்டும் கிடைக்காமல் செத்தவர். மரவள்ளியில மாச்சத்துதான், வேற பெரிசா ஒண்டுமில்லை. இது வேற கிழங்கு."

பெரியவர் அசையவில்லை. மருமகள் கோழிக் குழம்போடு இலை போட்டார். அக்கா இலைமுன் உட்கார்ந்து, "எனக்குச் சோறு வேண்டாம். அந்தக் கிழங்கை அவிச்சுத் தாங்கோ" என்றார்.

"வந்தவங்களுக்குக் கெழங்கு போட்டான் மாணிக்கம்னு லயமே சிரிக்கும்மா!"

"விருந்தாளி வாய்விட்டுக் கேட்டும் குடுக்கேல்ல எண்டாச் சிரிக்காதோ?"

மருமகள் மாமனாரைப் பார்க்காமலே அடுப்பு மூட்டினார். வந்தவரைத் தனியாகச் சாப்பிட விடுவது அந்த வீட்டு வழக்கமில்லை. ஆகவே பெரியவரும் உட்கார வேண்டியதாயிற்று. அக்கா தோலோடு தின்றார். பெரியவர் தமக்கு வைத்ததைப் பார்த்தபடியே இருந்தார். "சப்பான்காரன் செஞ்சதுக்கு இது என்னா பண்ணும் தாத்தா?" என்று நான் வாயைவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு துண்டு தின்றார். கண்ணைத் துடைத்தார். மீதியைச் செல்வியின் கையில் வைத்தார்.

சில மாதம் கழித்துப் போனபோது, இருட்டுகிற வேளையில் செல்வி படியிறங்கி ஓடிவந்து வேன் கதவைத் தட்டினாள். தாத்தாவை மசியவைத்தது என் ஒற்றை வாக்கியம்தான் என்று தெலுக் இந்தான் வரைக்கும் பீற்றிக்கொண்டேன். அக்கா ஒருமுறைகூட மறுக்கவில்லை.

ஒருவரைத் தின்னச் சொல்வதைவிட அவரிடமே கேட்டு வாங்கித் தின்பது மேல். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் அப்பாவும் சப்பான்காரன் காலத்துப் பிள்ளை. எங்கள் வீட்டிலும் கிழங்குக்கு இடமில்லை. "உங்கட வீட்டில எனக்கு எப்ப சாப்பாடு?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம், "அடுத்த வாரம்க்கா" என்பேன். வந்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்றும் தெரியும். ஊரான் வீட்டுத் தாத்தாவை மசியவைத்த வீரன், சொந்த அப்பாவுக்குப் பயந்து, நாலு வீடு தள்ளியிருந்தவரை ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அழைக்கவே இல்லை.