நேவிக்காரர் சாத்திய மூடி

மத்தியான வெயிலில் கொதித்துக் கிடந்த இரும்பு மூடிமேல் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூடிக்குக் கீழே, கழிவுத் தொட்டிக்குள் என் தம்பி விழுந்து கிடந்தான். என் சித்தப்பா மகன். நான் அவர் முதுகில் குத்தினேன், சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய தொடை வெந்து பேண்ட் துணியோடு ஒட்டிக்கொண்டதைப் பிறகுதான் பார்த்தோம்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனி அது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், ஓட்டல், செங்கல் சூளை என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்தேன். எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. தம்பியையும் நான்தான் கூட்டிவந்து சேர்த்தேன். மூடிமேல் உட்கார்ந்தவர் கழிவுநீர்ப் பிரிவுக்கு சூப்பர்வைசர். நீர்மூழ்கிக் கப்பலில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் எங்களுக்கு அவர் நேவிக்காரர்.

பச்சைத் தோலிலிருந்து உதறிய உப்பு தரையெல்லாம் பரவிக் கிடக்கும். டீ நேரத்தில் அந்த உப்பில் விரலால் கப்பலை வரைவார். உள்ளே கனத்த எஃகில் ஓர் உருளை, ஆட்கள் அதற்குள். அதைச் சுற்றி மெல்லிய வெளிக்கூடு. இரண்டுக்கும் நடுவே தொட்டிகள். அவற்றில் தண்ணீரை விட்டால் கப்பல் அமிழும். அழுத்தி அடைத்து வைத்த காற்றைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியே தள்ளினால் எழும்பும். முங்குவது பெரிய விஷயமில்லை, மூச்சு விடுவதுதான் கஷ்டம் என்பார். டீசல் என்ஜினுக்கும் காற்று வேண்டும் என்பதால் ஆழத்தில் பேட்டரிதான் கப்பலை ஓட்டும். அது தீர்வதற்குள் காற்றுக்கு மேலே வந்தாக வேண்டும். பெட்ரோலில் ஓடிய ஆதிகாலத்து நீர்மூழ்கிகளில் வெள்ளை எலிகளைக் கூண்டில் வைத்திருந்தார்களாம். காற்று கெட்டால் மனிதனுக்கு முன்னால் எலி சுருண்டு விழும்.

"நம்ம தொட்டிக்கு எலி யாரு சார்?" என்று தம்பி கேட்டான்.

"நீதான்டா. வேற யாரு?"

எல்லாரும் சிரித்தோம். அவனும்தான்.

படத்தை முடிக்கும்போது உருளைக்குக் குறுக்கே நாலைந்து கோடுகள் போடுவார். கப்பலை அறை அறையாகப் பிரிக்கும் சுவர்கள் அவை. ஒவ்வொரு சுவரிலும் குனிந்து நுழைகிற வட்டக் கதவு. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் பக்கத்து அறைக்காரன் கதவைச் சாத்தித் திருகிவிட வேண்டும். உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்கக் கூடாது.

"உள்ள உங்க தோஸ்த் இருந்தா?" என்றேன்.

"அவனுக்கும் தெரியும்டா. அவனே உள்ளருந்து சாத்துவான்."

"பேஜார் புடிச்ச வேல சார்."

"ஆமா," என்றார். உப்பைக் கையால் அழித்துவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்குத் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்துவிட்டு, உள்ளே விஷவாயு இருக்கும், யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லி, காற்றடிக்கும் மெஷின் கேட்க அவர் ஆபீசுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. "அஞ்சு நிமிசத்து வேலடா, போய்ட்டு வந்துடு," என்று தம்பியிடம் சொன்னது நான். பாதி ஏணியில் அவன் கை பிடியை விட்டது. கத்தக்கூட இல்லை. நான் ஏணிக்கு ஓடினேன். இன்னொருவன் அதற்குள் ஏணியில் காலை வைத்துவிட்டான். எங்கிருந்தோ ஓடிவந்த நேவிக்காரர் அவனைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி எறிந்தார். என்னை பெல்ட்டைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். மூடியைச் சாத்தினார்.

"மூணு பேரும் சாவுறீங்களாடா? ஒருத்தன் போதும்!"

அந்த 'ஒருத்தன் போதும்' எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. சாவு வீட்டுக்கு வந்த அவர்மேல் வாசலிலேயே சித்தி காறித் துப்பினாள். விழுந்த நிமிடமே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. நேவிக்காரர் வேலையை விட்டுப் போனார். நான் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பினேன். எப்போது திரும்பி வந்தாலும் சோற்றைப் போட்டுவிட்டு சித்தி கேட்பாள்: "அந்தாளு மேலயே குந்திருந்தானே, புள்ள தட்டுனானா, கூப்டானான்னு கேட்டியா?"

பல வருஷம் கழித்து, போன மாதம்தான் வாலாஜாபேட்டையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். முடியெல்லாம் கொட்டி, காது மந்தமாகி இருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு. சேறு கொதிக்கிற சத்தமா இருக்கலாம். அவனாவும் இருக்கலாம். அவன்தான்னு தெரிஞ்சிருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்டா."

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். எனக்கு இப்போது இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லாமலே எழுந்து வந்தேன்.

ஊருக்கு வந்ததும் சித்தியிடம் பொய் சொன்னேன். "ஒண்ணுமே கேக்கலையாம் சித்தி. விழுந்தப்பவே போய்ட்டானாம்."

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் கெடக்கறான். நீயும் அங்கதானேடா இருந்த? உனக்கு இன்னா கேட்டுச்சு?"

அன்றைக்கு நான் கத்திய கத்தலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.